தொங்கு கழுத்து நாய்க்குப் பட்டை தைத்த கதை

முதலில் வந்தது நாற்றம்தான். மூட்டையின் தாடைக்குக் கீழே சொறிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், அவனும் கண்ணை மூடிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தான், அதே கையால் என் மூக்கைத் தேய்த்தபோதுதான் ஈரச் சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு வைத்த மாதிரி ஒரு புளித்த வாடை. காலரைக் கழற்றி, கழுத்து மடிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. முடி உதிர்ந்து, தோல் ஈரமாகப் பளபளத்தது. காலரின் கீழ் விளிம்பு எங்கே உட்காருமோ அச்சு அசலாக அந்த இடம்.

அந்தக் காலர் நான் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதுதான் கடுப்பு.

மூட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கலப்பு நாய், 31 கிலோ. முகத்தைப் பார்த்தால் மாஸ்டிஃப், காதைப் பார்த்தால் பாசெட் ஹவுண்ட், குணத்தைப் பார்த்தால் பூனை. உடம்புக்கு இரண்டு சைஸ் பெரிய சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி தோல். மாட்டுக்குக் கழுத்தடியில் அலைதாடி தொங்குமே, அதுபோல இவனுக்கும் தாடையிலிருந்து நெஞ்சு வரை இரண்டு மடிப்பு தொங்கும். பிடரியில் பிடித்தால் போர்வையைப் பிடித்த மாதிரி கை நிறைய வரும். உட்கார்ந்திருக்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சாக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும், பெயர் அப்படி வந்ததுதான்.

டாக்டர் மடிப்பை விரித்துப் பார்த்தார், ஒரு கண்ணாடிச் சில்லை அந்த ஈரத்தின் மேல் ஒற்றி எடுத்தார், சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். செருப்புத் தடம் போன்ற வடிவத்தில் குட்டிக் குட்டியாக ஊதாப் புள்ளிகள். மலசீசியா என்ற ஈஸ்ட். நாயின் தோலில் எப்போதுமே கொஞ்சம் இருப்பதுதானாம். ஈரம், சூடு, உரசல், காற்றுப் புகாத மடிப்பு எல்லாம் ஒன்றுசேர்ந்தால் பெருகிவிடுமாம். "காலர்தான் காரணம்னு சொல்ல மாட்டேன் சார், மடிப்புதான் காரணம். ஆனா உங்க காலர் அந்த மடிப்புக்கு மூடி போட்டு வெச்சிருக்கு" என்றார். துடைக்க குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியில் நனைத்த துணிகளும் ஒரு களிம்பும் கொடுத்து, துடைத்த பிறகு கட்டாயம் ஈரம் போக ஒற்றி எடுக்கச் சொன்னார், மூன்று வாரம் கழுத்தில் எதுவும் போடக் கூடாது என்றார். சரி, மூன்று வாரம் யோசிக்க நேரம் கிடைத்தது.

அந்தக் காலர் ஏன் வாங்கினேன் என்றால், இரண்டு இஞ்ச் அகலம், உள்பக்கம் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் மெத்தை. அகலம் கூடினால் அழுத்தம் பரவும், அதனால் அகலமான காலரே நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள், கணக்கும் சரிதான். கிரேஹவுண்ட் மாதிரி நீளமான, ஒல்லியான, இறுகின கழுத்துக்கு அது பொருந்தும், அங்கே அந்த ஐம்பது மில்லிமீட்டரும் சமமாகப் படுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. மூட்டைக்குத் தலையைக் குனிந்ததும் கழுத்தே காணாமல் போய்விடும். முன்னால் சரிந்து வரும் தோல் காலரின் மேல் விளிம்பில் ஏறி வழியும், கீழே இருக்கிற தோல் கீழ் விளிம்பில் மடங்கி நிற்கும், நடுவில் இருக்கும் அந்த அருமையான மெத்தை எதையும் தாங்காமல் சும்மா இருக்கும். அதாவது மொத்த பாரமும் இரண்டு ஓரங்களில். அதோடு இவன் தண்ணீர் குடித்தால் பாதி வாய்க்குள், பாதி கழுத்தில், எச்சில் வேறு. நியோப்ரீன் ஓரத் தையல் வழியாகக் குடித்த தண்ணீரை விடவே விடாது. காலை குடித்த தண்ணீர் மத்தியானம் வரை உள்ளே இருந்ததை மெத்தையை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் அளவை ஒழுங்காக எடுப்போம் என்று தையல் டேப்போடு உட்கார்ந்தேன். நேராக நின்று முன்னால் பார்க்கும்போது 44 சென்டிமீட்டர். என் கையைப் பார்த்து அண்ணாந்தால் 43. தரையை முகரும்போது 49. முன்னங்கால் மேல் தாடையை வைத்துப் படுத்தால் 48. காதுக்குச் சற்று முன்னால் தலையின் சுற்றளவு 47. எழுதி வைத்துப் பார்த்தால்தான் விவகாரம் புரிந்தது. நின்றபடி அளந்து 45, 46க்கு வைத்தால் முகரும்போதெல்லாம் இறுக்கும், இவனுக்கோ நடை என்றாலே முகர்வதுதான். குனியும்போது வசதியாக இருக்கட்டும் என்று 49 வைத்தால் பின்வாங்கி ஒரு இழு இழுத்தால் தலைவழியே கழன்றுவிடும், தலை 47தானே. நண்பர் ஒருவரின் நாய் இறுக்கமான தோல், குட்டை முடி. அதையும் இதே மாதிரி நிற்கவைத்துக் குனியவைத்து அளந்தேன், வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர். அந்த மாதிரி நாய்க்குக் காலர் வாங்குவது ஐந்து நிமிட வேலை.

இரண்டு விரல் நுழைந்தால் சரியான அளவு என்ற விதியும் இங்கே செல்லாது. தோல் இவ்வளவு தளர்வாக இருந்தால் எவ்வளவு இறுக்கமான பட்டைக்குள்ளும் இரண்டு விரல் போகும், ஏனென்றால் விரலுக்கு இடம் கொடுப்பது பட்டையல்ல, தோல். சந்தேகம் இருந்தால் உங்கள் முழங்கை மேல் தோலைத் தளர்த்தி வைத்துக்கொண்டு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுப் பாருங்கள், விரல் தாராளமாக நுழையும், ஆனால் ரத்த ஓட்டம் தடைப்படும். நான் இப்போது செய்வது வேறு: நாயைத் தரையை முகர விட்டு, அந்த நிலையில் விரல்களைத் தட்டையாகப் பட்டைக்கு அடியில் விட்டு முழுச் சுற்றும் ஓட்டுவது. எங்காவது தோல் மடங்கிப் பட்டைக்குள் மாட்டியிருந்தால் விரல் அங்கே தட்டும். தட்டினால் அளவு தப்பு, அல்லது அகலம் தப்பு.

இன்னொன்றையும் அந்த வாரத்தில்தான் கவனித்தேன். குளித்துவிட்டு வந்து உதறினான், நான் வேண்டுமென்றே ஒரு பழைய நாடாவை அளவுக்குக் கட்டி, பிடரிக்கு நேராக ஒரு முடிச்சு வைத்திருந்தேன். உதறி முடித்தபோது முடிச்சு இடது காதுக்குக் கீழே. இரண்டாவது உதறலில் தொண்டைக்கு நேராக. நாய்கள் உதறுவதைப் பற்றி 2012ல் ஓர் ஆய்வு வந்தது. முதுகெலும்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 30 டிகிரி அளவுக்குத்தான் திரும்புகிறது, தளர்வான தோல் 90 டிகிரி வரை வீசிப்போகிறது என்று அதில் காட்டியிருந்தார்கள். சாதாரண நாய்க்கே அப்படியென்றால் இவனுக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். நாம் என்னவோ காலர் கழுத்தில் நகர்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் காலர் தோலைப் பிடித்துக்கொண்டு போகிறது, தோல் கழுத்தின் மேல் நகர்கிறது, நடுவில் எந்த ஓரம் கூராக இருக்கிறதோ அது அறுக்கிறது. எனக்கு இந்த ஒரு விஷயம் பிடிபட்ட பிறகு மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்தது, ஆனால் அதற்கு முன் இன்னும் மூன்று காலரை வீணாக்கினேன்.

இரண்டாவது, உருளைத் தோல் காலர். சுமார் 12 மில்லிமீட்டர் கனம், கயிறு மாதிரி உருண்டை. ஓரமே இல்லை, அதனால் இதுதான் விடை என்று குதித்தேன். நீள முடி நாய்களுக்கு முடி சிக்காமல் இருக்க இதைத்தான் சொல்வார்கள். மூட்டைக்குப் போட்டு பத்து நிமிடத்தில் காலரைக் காணோம். மடிப்புக்குள் முழுதாக இறங்கி மறைந்துவிட்டது. வளையத்தைத் தேடிப் பிடிக்கத் தோலைப் பிரிக்க வேண்டியிருந்தது. மடிப்பின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் அதே மூடி வேலை. கயிறு இழுபட்டால் எல்லா அழுத்தமும் ஒரே மெல்லிய கோட்டில். நான்கு நாள், அவ்வளவுதான்.

மூன்றாவது, மார்ட்டிங்கேல். இதில் பெரிய வளையம் ஒன்று, அதைக் கொஞ்சமாக மட்டும் இறுக்கும் சின்ன வளையம் ஒன்று. தலை சிறுத்து கழுத்து பெருத்த நாய் பின்வாங்கிக் கழன்று ஓடாமல் இருக்க உண்டானது, அந்த வேலையை உருப்படியாகச் செய்கிறது. முழுதும் இறுகினாலும் கழுத்தின் அளவுக்கு மேல் நெருக்காதபடி பொருத்த வேண்டும், அதுதான் சூட்சுமம். எனக்குக் கிடைத்தது சின்ன வளையத்தில் சங்கிலி வைத்தது. மூட்டை ஒருமுறை பக்கவாட்டில் துள்ளினான், சங்கிலிக் கண்ணிக்குள் ஒரு மடிப்புத் தோல் நுழைந்து இறுகி, அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சங்கிலிக்குப் பதில் துணி நாடா வைத்த வகை எவ்வளவோ தேவலை. ஆனாலும் அந்தச் சின்ன வளையம் எதிலாவது மாட்டிக்கொண்டால் இறுகிவிடும், அதனால் ஆள் இல்லாத நேரத்தில் கழுத்தில் விட்டு வைக்கவே கூடாது. எப்போதும் போட்டிருக்கிற பட்டையைத் தேடும் எனக்கு இது ஒத்துவரவில்லை.

நான்காவது வீட்டில் கிடந்த பழைய தோல் பட்டை, ஒரு இஞ்ச் அகலம், பித்தளை பக்கிள். இதில்தான் சாக்பீஸ் சோதனை செய்தேன். பட்டையின் உள்பக்கம் முழுதும், இரண்டு ஓரத்திலும் சேர்த்து, நீலச் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தேன். போட்டுவிட்டு அரை மணி நேரம் நடை. கழற்றிப் பார்த்தால் கழுத்தின் வெளிர் முடியில் கத்தியால் கீறியதுபோல் இரண்டு நீலக் கோடு, நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பட்டையில் அதற்கு நேர்மாறு: நடுவில் நீலம் அப்படியே, ஓரங்கள் துடைத்து வைத்த மாதிரி. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

அதே பட்டையின் உள் ஓரங்களைக் கூரான கத்தியால் சாய்வாகச் சீவி, 220 உப்புத்தாள், பிறகு 400, கடைசியில் ஈரத் துணியால் நன்றாகத் தேய்த்து மெழுகு பூசினேன். தோல் ஓரம் உருண்டு, நகம் மாதிரி வழவழப்பானது. மறுபடி சாக்பீஸ், மறுபடி நடை. இப்போது கோடு இல்லை, அகலமான மங்கிய ஒரு பட்டைதான். உங்கள் நாயிடம் தட்டையான தோல் காலர் ஏற்கெனவே இருந்து, ஓரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த ஒரு மாலை வேலையே போதும், மேலே படிக்கத் தேவையில்லை. எனக்குப் போதவில்லை, ஏனென்றால் எச்சில். தோல் நனைந்து ஊறி, காய்ந்து விறைத்து, சாயம் வேறு கழுத்தில் இறங்கியது. எடை போட்டால் 180 கிராம். அந்தப் பித்தளைப் பக்கிளே பாதி இருக்கும், உதறும்போதெல்லாம் அது கீழே வந்து தொண்டை மடிப்பில் தொங்கும்.

சரி, நாமே தைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அக்காவிடம் தையல் மெஷின் கேட்கப் போனபோது படம் வரைந்து காட்டினேன். "டேய், நாய்க்கா மாட்டுக்கா?" என்றாள். பிறகு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல பைப்பிங் வெச்சுட்டா மெத்தைன்னு ஒண்ணு எதுக்கு?" என்று கேட்டாள். ரவிக்கைக் கழுத்துக்கு ஓரம் அறுக்காமல் இருக்கக் கயிறு வைத்துத் தைப்பார்களே, அந்த பைப்பிங். ஒரு வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததற்கு அவள் அரை நிமிடத்தில் பதில் சொன்னாள்.

அமைப்பு இதுதான். நடுவில் 25 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் நாடா, பலத்துக்கு. அதைச் சுற்றி ஃபிளீஸ் என்ற, கம்பளி மாதிரி மெத்தென்ற மெல்லிய செயற்கைத் துணி, இரண்டு ஓரத்திலும் நாடாவைத் தாண்டி ஐந்து மில்லிமீட்டர் உருண்டையான உதடு, அதற்குள் மெல்லிய பாலியெஸ்டர் கயிறு. மொத்த அகலம் 35. துணியின் சேர்ப்புத் தையல் வெளிப்பக்கம் வர வேண்டும், உள்பக்கம் ஒரு நூல்கூடத் தெரியக் கூடாது. நைலான் நாடாவும் பலமானதுதான், ஆனால் நனைந்தால் கொஞ்சம் நீளும், தண்ணீரும் உறிஞ்சும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரே உறிஞ்சாது, ஆனால் என்னிடம் இருந்த நாடாவின் ஓரம் துடைப்பக் குச்சி மாதிரி சொரசொரப்பு.

துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். ஒரே அளவில் வெட்டிய துண்டுகளை நனைத்து, ஒரு முறை பிழிந்து, நிழலில் கொடியில் போட்டேன். ஃபிளீஸ் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது. பருத்தி ஜீன்ஸ் துணி ஐந்து மணி நேரம். பழைய காலரிலிருந்து பிய்த்த நியோப்ரீன் மெத்தையைச் சாயங்காலம் அமுக்கியபோதும் துளி வந்தது. பருத்தி தோலுக்கு நல்லது என்று நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு, நமக்கு அது சரிதான், நாள் முழுக்க எச்சில் ஒழுகும் கழுத்துக்கு வேண்டியது சீக்கிரம் காயும் துணி.

தையலில் மூன்று இடத்தில் அடி வாங்கினேன். முதலாவது ஊசி. 14ஆம் நம்பர் ஊசியால் நாடா, துணி, மடித்த நாடா, மறுபடி துணி என்று நாலு அடுக்கைத் தைக்கப் போய் ஊசி டப்பென்று ஒடிந்து முனை எங்கோ பறந்தது, அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை மூட்டையை அறைக்குள் விடவில்லை. 18ஆம் நம்பர் மாற்றி, கனமான இடத்தில் மோட்டாரை விட்டுவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தேன், போயிற்று. இரண்டாவது நூல். வளையம் வருகிற இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி, எல்லாம் முறைப்படிதான், ஆனால் பாபினில் இருந்தது பழைய பருத்தி நூல் என்பதைக் கவனிக்கவில்லை. பட்டையை ஒரு கம்பியில் கோத்து, வளையத்தில் வாளியை மாட்டித் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். சுமார் பன்னிரண்டு லிட்டரில் தையல் பல் பல்லாக விட்டு வாளி காலில் விழுந்தது. மேலும் கீழும் பாலியெஸ்டர் நூல் போட்டுத் தைத்த இரண்டாவது முறை இருபது லிட்டரை இரவு முழுக்கத் தாங்கியது. நாடாவின் வெட்டிய முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி உருக்கிக்கொள்ளுங்கள், பிரியாது. ஆனால் உருகி இறுகிய முனை கண்ணாடிச் சில் மாதிரி கூராக இருக்கும், அது தோல் பக்கம் வராமல் மடித்து உள்ளே வைத்துத் தைக்க வேண்டும்.

மூன்றாவது அடி பக்கிள். இரண்டு பக்கமும் அமுக்கித் திறக்கும் பிளாஸ்டிக் பக்கிள், கழுத்துக்கு ஏற்ப வளைந்த வகை. முதல் முறை போட்டுவிட்டபோது 'டக்' சத்தத்தோடு சேர்த்து ஒரு கீச்சும் வந்தது. பக்கிளின் இரண்டு பாதிக்கும் நடுவில் தோலைக் கவ்விவிட்டது. தளர்ந்த தோல் நாய்க்கு இது நிச்சயம் நடக்கும், எவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஒருநாள் நடக்கும். பிரித்து, பக்கிளுக்கு அடியில் ஃபிளீஸிலேயே ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு நாக்கு தைத்துச் சேர்த்தேன், ஷூவில் லேசுக்கு அடியில் இருக்குமே அது மாதிரி. போடும்போது முதலில் நாக்கைக் கழுத்தில் படிய வைத்து, அதன் மேல்தான் பக்கிளை மூடுவது. அதற்குப் பிறகு ஒரு கீச்சும் இல்லை. டி வளையத்துக்கு அடியிலும் துணி முழுதாக ஓடுகிறது, நாடா மடியும் இடைவெளியில் தோல் சிக்காமல் இருக்க. வளையம் துருப்பிடிக்காத எஃகு, வாய் பற்றவைத்து மூடியது. நிக்கல் பூச்சு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சில நாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வருமாம், ஏற்கெனவே ஒருமுறை புண்ணான தோல் வேறு.

எடை 74 கிராம்.

நீளத்துக்கு வருவோம். 44ஆ 49ஆ என்ற அந்தப் பழைய சண்டை. கொஞ்ச நாள் நடுவில் 46 வைத்து ஓட்டிப் பார்த்தேன், குனிந்தால் இறுக்கம், பின்வாங்கினால் பாதி கழன்று காதில் நிற்கும், இரண்டும் கெட்டான். கடைசியில் புரிந்தது, ஒரே பட்டையிடம் இரண்டு வேலை கேட்கிறேன் என்று. பெயர்த் தகட்டைச் சுமப்பது ஒரு வேலை, நாயைப் பிடித்து நிறுத்துவது வேறு வேலை. அதனால் பட்டையை 49க்குத் தளர்த்தி, அது தகட்டுக்கு மட்டும். கயிறு மாட்டுவது ஹார்னஸில், அதாவது நெஞ்சையும் தோளையும் சுற்றிப் போடும் வாரில். தலைவழியே கழன்றால் கழலட்டும், கயிறு அதில் இல்லை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலவகைக் காலர்களைச் செயற்கைக் கழுத்தில் மாட்டி இழுத்துப் பார்த்து 2020ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இழுக்கும்போது காயம் வராது என்று சொல்லும்படி அழுத்தம் குறைவாக இருந்த வகை ஒன்றுகூட இல்லை. 2006ல் வந்த வேறொன்றில், காலரில் இழுத்தால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறியது, ஹார்னஸில் இழுத்தால் அப்படி ஏறவில்லை. முகத்தோல் தொங்கும் நாய்களுக்குக் கீழ் இமை சரிந்து கண் எப்போதும் பாதித் தொல்லையில்தான் இருக்கும், மூட்டைக்கும் அப்படித்தான். அதில் நான் வேறு எதற்குச் சேர்த்து இழுக்க வேண்டும். ஹார்னஸ் தேடிய கதை தனி, அக்குளில் தோல் மடங்குவது அங்கே பெரிய தலைவலி, இங்கே வேண்டாம்.

போட்டு மூன்றாம் நாள் சாக்பீஸ் சோதனை. கோடு இல்லை. கழுத்தைச் சுற்றி மங்கலாக, சீராக, நாலு விரல் அகலத்துக்கு நீலம். பட்டை தங்காமல் மேலும் கீழும் நகர்கிறது என்று அர்த்தம், எனக்கு வேண்டியதும் அதுதான். உதறல் சோதனையில் பக்கிள் எங்கே போனாலும் திரும்ப பக்கவாட்டுக்கு வந்து நின்றது, எடை குறைந்ததால் இருக்கலாம். படுத்துத் தூங்கும்போது எட்டிப் பார்த்தேன், தாடைத் தோல் பட்டையின் மேல் மடங்கி விழுந்திருந்தது. அதை எந்தக் காலராலும் தடுக்க முடியாது, தூங்கும்போது கழற்றிவிடுவதுதான் வழி. இரவு வீட்டுக்குள் கழுத்து வெறுமையாக இருக்கும், காற்றும் படும். பகலில் கழற்றும்போதெல்லாம் மடிப்பை விரித்து ஒரு காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பது பழக்கமாகிவிட்டது, பத்து விநாடி வேலை. பட்டை இரண்டு தைத்திருக்கிறேன், ஒன்று கழுத்தில், ஒன்று கொடியில்.

பத்தாம் நாள் ஒரு குறை தெரிந்தது. தகடு. வளையத்தில் தொங்கும் தகடு எச்சிலில் நனைந்து மடிப்பில் அடித்து அடித்து அங்கே கறுப்பாக ஒரு வட்டம். தோல் கெடவில்லை, துடைத்தால் போனது, இருந்தாலும் நான் சும்மா இருக்க முடியாதே. தொங்கும் தகட்டை எடுத்துவிட்டு, பட்டையின் மேலேயே படுத்திருக்கும் தட்டைத் தகட்டை ரிவிட் அடித்தேன். ரிவிட்டின் பின்தலை உள்ளே தோலில் படும் என்பது அடித்த பிறகுதான் உறைத்தது. அந்த இடத்துக்கு மேல் ஃபிளீஸ் துண்டு ஒன்றைக் கையால் தைத்து மூடினேன். அழகாக இல்லை. இரண்டாவது பட்டையில் ரிவிட்டை நாடாவில் மட்டும் அடித்துவிட்டு அதன் மேல் துணியைச் சுற்றினேன், அதுதான் சரியான வரிசை.

தைக்க முடியாதவர்கள் வாங்குவதானால், என் கை பட்ட வரையில் சொல்கிறேன்: பாலியெஸ்டர் நாடாவுக்கு மேல் வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த பட்டைகள் வருகின்றன, பயோத்தேன் என்ற பெயரில் தெரிந்திருக்கும். தண்ணீர் குடிக்காது, நாற்றம் பிடிக்காது, ஒரு துடைப்பில் காய்ந்துவிடும். மூட்டையைக் குளிப்பாட்டும் நாளிலும் மழையிலும் நான் அதைத்தான் போடுகிறேன். கனம் அதிகமான வகை விறைப்பாக இருக்கும், மெல்லியதாக, சுருட்டினால் விரலைச் சுற்றி வளைகிற மாதிரி இருப்பதை எடுங்கள். எந்தப் பட்டையானாலும் வாங்கும் முன் ஓரத்தை உங்கள் உள்மணிக்கட்டில் வைத்து இருபது தடவை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் அதை வைத்துவிடுங்கள்.

சிவப்பு மூன்று வாரத்தில் போனது. முடி திரும்ப வர ஆறு வாரம் ஆனது, முதலில் பூனை முடி மாதிரி மெலிதாக, இப்போது அந்த இடம் எது என்று தேட வேண்டியிருக்கிறது. நடுவில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறான், அதனால் எல்லா அளவையும் போன வாரம் மறுபடி எடுத்தேன். நிற்கும்போது 45, குனிந்தால் 51. வித்தியாசமும் ஏறியிருக்கிறது.

பட்டையின் இடது பக்க ஓர உதட்டில் தையல் லேசாகப் பிரியத் தொடங்கிவிட்டது, பின்னங்காலால் சொறியும்போது நகம் சரியாக அங்கேதான் மாட்டுகிறது. மூன்றாவது பட்டையில் சேர்ப்புத் தையலை ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை நடுவே தள்ளி வைக்கப் போகிறேன். துணியை வெட்டித் தரையில் விரித்து வைத்திருக்கிறேன், அதன் மேல் மூட்டை படுத்துத் தூங்குகிறான், எழுந்த பிறகுதான் வேலை.